மாப்பிள்ளையை விசாரிக்கப் போன இடத்தில்…

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு சண்டைக்கு வரமாட்டேன். போன ஆடி மாதம் வரை நானும் நம்பாத கட்சிதான். யாராவது பேயைப் பார்த்தேன் என்று ஆரம்பித்தால், "எத்தினி மணிக்குப் பார்த்த? அதுக்கு முன்னாடி எத்தினி ரவுண்டு போட்ட?" என்று கேட்கிற ஆள் நான். அதனால்தான் நடந்ததை மணிக்கணக்கோடு சொல்கிறேன். அன்றைக்கு நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. என்னோடு இருந்த பையனும் குடிக்கவில்லை. அதைப் பார்ப்பதற்காகவே அவனை அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

என் பெயர் உத்திராபதி. வீடு சிதம்பரத்தில். அரசு பஸ்ஸில் பன்னிரண்டு வருடம் கண்டக்டர், பிறகு பதினாறு வருடமாக டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டர். ஐம்பது பேர் இருக்கிற பஸ்ஸில் எவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று ஏறின ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். அவன் மட்டும்தான் ஜன்னல் வழியாக வெளியே ரொம்ப ரசித்துப் பார்த்துக்கொண்டிருப்பான். என் மனைவி எனக்கு வைத்திருக்கும் பெயர் சந்தேகப் பிராணி. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. சந்தேகத்துக்குத்தான் இத்தனை வருடமும் சம்பளம் வாங்கினேன்.

என் தங்கை சௌந்தரம் பண்ருட்டியில் இருக்கிறாள். வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே மகள் ஸ்ரீமதி. அப்பா இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை விசாரிக்கிற பொறுப்பு தாய்மாமன் தலையில்தான் விழும். விழுந்தது. நெல்லிக்குப்பத்துப் பையன் சித்தார்த்தைப் பேசி முடித்தோம். கடலூரில் ஒரு கம்பெனியில் கெமிஸ்ட் வேலை. ஆனியில் நிச்சயம் நடந்தது. ஆவணியில் கல்யாணம்.

நிச்சயம் முடிந்த பத்தாவது நாள் எனக்கு ஒரு மொட்டைக் கடிதாசி வந்தது. ஒரே வரி. 'மாப்பிள்ளையைச் சரியாக விசாரித்தீர்களா?'

எனக்கு இது போதாதா? சோறு இறங்கவில்லை. பையன் சரியில்லை என்றால் கெடப்போவது ஸ்ரீமதியின் வாழ்க்கை. அவளை நான் தோளில் தூக்கி வளர்த்தவன். ஆனால் நிச்சயம் முடிந்த பிறகு தெருத்தெருவாகப் போய் விசாரித்தால் சம்பந்தி வீட்டில் சும்மா இருப்பார்களா? ஆளை அறிய வேண்டுமானால் அவனோடு ஒரு ராத்திரி தங்க வேண்டும். குடிப்பானா, யாரிடமாவது ரகசியமாகப் பேசுவானா, எல்லாம் தானாக வெளியே வந்துவிடும். "வேலை வேலைன்னு அலையிறீங்க தம்பி, ரெண்டு நாள் கடற்கரையில காத்து வாங்கிட்டு வரலாம்" என்று போனில் சொன்னேன். "சரிங்க மாமா" என்றான். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கிள்ளையைத் தாண்டி, உப்பங்கழிக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டின மணல் திட்டில் அந்த ரிசார்ட் இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன். பிழைப்பு நடத்துகிறார்கள். சவுக்குக் கம்பும் தென்னங்கீற்றும் போட்ட ஆறு குடிசைகள். போர்டில் 'கபானா' என்று எழுதியிருந்தது. கீற்றுக் கொட்டகைக்குக் கபானா என்று பெயர் வைத்துவிட்டால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள் போலிருக்கிறது. டிவி இல்லை, ஏசி இல்லை, செல்போன் சிக்னல் கிடையாது. சோலார் விளக்கும் ராத்திரி ஒன்பது மணியோடு சரி. இயற்கையோடு வாழ வேண்டுமாம்.

சனிக்கிழமை மதியம் 3:40-க்குப் படகு ஏறினோம். படகுக்காரர் அய்யனார் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"அஞ்சரையோட கடைசி படகு சார். அதுக்கப்புறம் எவனும் வரவும் முடியாது, போவவும் முடியாது. காலையில ஏழு மணிக்குத்தான் அடுத்தது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கதவைச் சாத்தின பஸ் மாதிரி. உள்ளே இருக்கிறவன் தப்ப முடியாது.

ஆடி மாதம் என்பதால் கூட்டமே இல்லை. ஆறு குடிசையில் எங்கள் குடிசையில் மட்டும்தான் ஆள். மேனேஜர் ஆரோக்கியராஜும், சமைக்கவும் பெருக்கவும் ஜெயமேரி என்ற பெண்ணும் இருந்தார்கள். நான் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேனேஜரோடு கொஞ்சம் பேசிவிட்டுக் குடிசைக்குப் போனேன். சித்தார்த் எனக்கு முன்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தான்.

சும்மா சொல்லக்கூடாது, இடம் அருமையான இடம். குடிசைக்கு முன்னால் மூன்று படி, படிக்கு மேல் ஒரு தாழ்வாரம், தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலி ஒன்று. எதிரே மணல். மணல் முழுக்க அடப்பங்கொடி படர்ந்து ஊதாப் பூ பூத்துக் கிடந்தது. அதற்கு அப்பால் கடல். காற்று அடித்த அடியில் எனக்கே மனசு லேசாகிவிட்டது. வந்த வேலையை மறந்து அரை மணி நேரம் கயிற்று ஊஞ்சலில் படுத்துக் கிடந்தேன்.

சரியாக 5:50-க்கு எழுந்து செருப்பு மாட்டப் போனேன். படிக்குக் கீழே என் செருப்பு இருந்தது. சித்தார்த்தின் செருப்பு இருந்தது. பக்கத்தில் இன்னொரு ஜோடி இருந்தது.

பொம்பளைச் செருப்பு. கறுப்பு வார். நனைந்திருந்தது. மணல் ஒட்டியிருந்தது.

"யாருது தம்பி இது?" என்றேன்.

சித்தார்த் செருப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். லேசாகச் சிரித்தான்.

"உங்களுக்குத் தெரியாததா மாமா?"

அப்படியே தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான். எனக்குச் சுருக்கென்றது. என்ன நெஞ்சழுத்தம்! ஜெயமேரியின் செருப்பாக இருக்குமோ என்று சமையல் கொட்டகைப் பக்கம் போய்ப் பார்த்தேன். அவள் காலில் சிவப்புச் செருப்பு இருந்தது. அந்தத் திட்டில் அவளைத் தவிர வேறு பெண் இல்லை என்று ஆரோக்கியராஜ் சத்தியம் செய்தார்.

எட்டு மணிக்குச் சாப்பாடு. கொடுவா மீன் குழம்பு, இறால் தொக்கு. எனக்கு ருசியே தெரியவில்லை. பையனையே கவனித்துக்கொண்டிருந்தேன். பாதிச் சாப்பாட்டில் அவன் நிமிர்ந்தான்.

"வேற யாரும் சாப்பிட வரலையா மாமா?"

"ஏன்? யாராச்சும் வரணுமா?"

"இல்ல… சும்மா கேட்டேன்."

மறுபடியும் அதே சிரிப்பு. கை கழுவிவிட்டு வந்தவன் ஜெயமேரியிடம் தனியாக ஒரு தட்டில் சோறும் குழம்பும் வாங்கி மூடி வைத்துக்கொண்டான். கேட்டால், ராத்திரி பசித்தால் சாப்பிடவாம். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டவனுக்கு ராத்திரி எப்படிப் பசிக்கும்?

சந்தேகம் தீர்ந்தது. பெண்தான். முன்னாலேயே வரச் சொல்லி, பக்கத்துக் குடிசை எதிலோ ஒளித்து வைத்திருக்கிறான். தாய்மாமன் கூட வந்திருக்கும்போதே இவ்வளவு தைரியம் என்றால், கல்யாணத்துக்கு அப்புறம் ஸ்ரீமதியின் கதி?

8:50-க்குக் குடிசைக்குத் திரும்பினோம். டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தச் செருப்பு இப்போது நடுப்படியில் இருந்தது.

இன்னும் ஈரமாக.

ஒன்பது மணிக்கு விளக்குகள் அணைந்தன. நான் உள்ளே கட்டிலில் படுத்தேன். "நான் வெளியவே பாய் போட்டுக்கிறேன் மாமா, காத்து நல்லா வருது" என்றான். போ ராஜா, போ என்று நினைத்துக்கொண்டேன். குறட்டை விடுகிற மாதிரி நடித்தேன். என் வேலையில் இதெல்லாம் பழக்கம்.

10:47. அவன் பேசுகிற சத்தம் கேட்டது.

வாட்சைப் பார்த்துவிட்டுக் காதைக் கொடுத்தேன். சிக்னல் இல்லாத இடம். போனில் பேச முடியாது.

"ஆமாங்க… கெமிஸ்ட்டுங்க… இல்லைங்க, குடிக்க மாட்டேன்…"

கொஞ்ச நேரம் அமைதி.

"பண்ருட்டிதாங்க… மாதா கோயிலைத் தாண்டி ரெண்டாவது தெரு… பச்சை கலரு கேட்டு…"

அமைதி.

"மாடியிலதான் படுப்பாங்கன்னு சொன்னாங்க."

அவன் குரல் மட்டும்தான் கேட்டது. கேள்வி கேட்கிறவள் குரல் கேட்கவே இல்லை. கிசுகிசுப்புகூட இல்லை. இடையிடையே வேறு ஒரு சத்தம்தான் கேட்டது.

சொட்… சொட்… சொட்…

சத்தமில்லாமல் எழுந்து கீற்றுத் தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அரிக்கேன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிரம்பு நாற்காலியின் முதுகுப்பக்கம் எனக்குத் தெரிந்தது. அதில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கொண்டையும் புடவைத் தலைப்பும் தெரிந்தன. தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சித்தார்த் அவளுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டிருந்தான். கையைக் கட்டிக்கொண்டு. இன்டர்வியூவுக்கு வந்தவன் மாதிரி. காதலியின் முன்னால் இப்படியா உட்காருவான் என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் என் கோபம் அதை யோசிக்க விடவில்லை.

அவளுடைய செருப்பு மேல்படியில் இருந்தது.

உடனே பாய்ந்து பிடித்திருக்கலாம். நான் அப்படிச் செய்கிறவன் இல்லை. பஸ்ஸில் கத்தினால் ஆயிரம் காரணம் சொல்வான், இறங்கும்போது பிடித்தால்தான் வாயைத் திறக்க முடியாது. படகும் இல்லை. இருக்கிறது மூன்றே படி. அவள் இறங்கித்தான் ஆக வேண்டும். வாசல் நிலைக்கு உள்ளே இருட்டில் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து நாற்காலி மறைந்திருந்தது, ஆனால் மூன்று படியும் தெளிவாகத் தெரிந்தன.

12:30. யாரும் இறங்கவில்லை.

2:15. யாரும் இறங்கவில்லை. பையன் தூங்குகிற மூச்சுச் சத்தம் கேட்டது. சொட்டுகிற சத்தமும் கேட்டது.

4:35-க்கு வாட்சைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு கண் அசந்துவிட்டேன்.

5:45. டம்ளர் வைக்கிற சத்தத்தில் விழித்தேன். விடிந்திருந்தது. ஜெயமேரி தாழ்வாரத்து ஓரத்தில் டீ வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

மூன்று டம்ளர்.

நாற்காலி காலி. செருப்பும் இல்லை. சித்தார்த் அப்போதுதான் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"யார்ரா அவ?"

"யாரு மாமா?"

"ராத்திரி பூரா ஒக்காந்து பேசினியே, அவ! எங்க ஒளிச்சு வெச்சிருக்க?"

அவன் முகம் சுருங்கிவிட்டது.

"பெரியம்மாவைப் போயி அவ இவன்னு பேசாதீங்க மாமா."

"எந்தப் பெரியம்மா?"

"உங்க வீட்டுப் பெரியம்மாதான்."

"எங்க வீட்டுல பெரியம்மாவே கெடையாதுடா."

அவன் என்னையே பார்த்தான். நான் அவனையே பார்த்தேன்.

"நீங்கதான கூட்டிட்டு வந்தீங்க?" என்றான்.

"நீ கூட்டிட்டு வரல?"

என் கை தானாகச் சட்டையை விட்டது.

பையன் எல்லாவற்றையும் சொன்னான். நேற்று நான் ஆபீசில் இருந்தபோது குடிசை வாசலில் அந்த அம்மா நின்றிருக்கிறாள். அறுபது வயது இருக்கும். "நீதான் மாப்பிள்ளையா?" என்று கேட்டிருக்கிறாள். பெண் வீட்டு உறவுக்காரி, மாமா தன்னைச் சோதிப்பதற்காகக் கூட்டி வந்திருக்கிறார் என்று இவன் நினைத்துக்கொண்டான். நான் திடீரென்று கடற்கரைக்குக் கூப்பிட்டதிலேயே அவனுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. "உங்கிட்ட நான் தனியா பேசணும், மாமங்கிட்டச் சொல்லாத" என்றாளாம். பெரியவர்கள் சொன்ன பிறகு எதிர்த்துக் கேட்பது மரியாதை இல்லையே என்று வாயை மூடிக்கொண்டு, அவளுக்காகச் சோறுகூட வாங்கி வைத்திருக்கிறான்.

"நம்ம பொண்ணப் பத்தியே கேட்டாங்க மாமா. வீடு எங்க, எந்த ரூம்ல படுக்கும்னு. பொண்ணு வீட்டுக்காரங்களுக்குத் தெரியாதான்னு நெனச்சேன். அப்புறம், எனக்குத் தெரியுமான்னு டெஸ்ட் பண்றாங்கன்னு…"

"எல்லாத்தையும் சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

"வேற என்ன?"

அவன் தலை குனிந்தான்.

"உங்ககிட்ட காட்டலாம்னு கல்யாணப் பத்திரிகை சாம்பிள் கொண்டாந்திருந்தேன். பெரியவங்க முன்னாடி இருக்கும்போது சும்மா எப்படி… கால்ல விழுந்து, மொத பத்திரிகையை அவுங்க கையில குடுத்து, அவசியம் வரணும்னு கூப்பிட்டுட்டேன்."

"என்ன சொன்னா?"

"வரேன்னாங்க. எம்புள்ளையையும் கூட்டிட்டு வரேன்னாங்க."

தட்டில் வைத்திருந்த சோறு ஆறி விறைத்திருந்தது. யாரும் தொடவில்லை. நாற்காலிக்குக் கீழே தரை காய்ந்து கிடந்தது. ஆனால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

ஜெயமேரியிடம் ஓடினேன்.

"எதுக்கும்மா மூணு டீ வெச்ச?"

"செருப்ப எண்ணித்தான் சார் டீ வெப்போம். தூங்குறவங்கள எழுப்பக் கூடாதுன்னு மேனேஜரு சொல்லியிருக்காரு. காலையில பெருக்க வந்தப்ப மூணு செருப்பு இருந்துச்சு. அந்தம்மாவும் இருந்தாங்களே."

"எங்க?"

"மணல்ல ஒக்காந்து அடப்பம்பூ கட்டிட்டு இருந்தாங்க. இத யாரும்மா தலையில வெப்பாங்கன்னு கேட்டேன். சிரிச்சாங்க."

"எத்தினி மணிக்கு?"

"மணி அஞ்சு பத்து சார். அலாரம் வெச்சு எழுந்து அப்பதான் வந்தேன், நல்லா தெரியும்."

மேனேஜரைக் கூப்பிட்டு ஆறு குடிசையையும் திறக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

யாரும் இல்லை.

ஏழு மணிப் படகில் ஏறினோம். படகில் எத்தனை பேர் என்று திரும்பித் திரும்பி எண்ணிக்கொண்டே வந்தேன். அய்யனாரோடு சேர்த்து மூன்று பேர்தான்.

7:16-க்குக் கரை ஏறியதும் என் போனில் சிக்னல் வந்தது. நான்கு மிஸ்டு கால். நான்கும் சௌந்தரம். முதல் கால் 5:14.

உடனே கூப்பிட்டேன்.

"ஏன்ணா, ஒரு வார்த்த முன்னாடியே சொல்லக் கூடாதா? வீடு வாசல் பெருக்காம கெடந்துச்சு, மானமே போச்சு" என்று ஆரம்பித்தாள்.

"என்ன ஆச்சு?"

"மாப்பிள்ளையோட பெரியம்மா வந்துட்டுப் போனாங்கண்ணா. நிச்சயத்தப்ப ஊருல இல்லியாம். பொண்ணுக்குப் பூ வெச்சுட்டுப் போறேன்னாங்க."

"எத்தினி மணிக்கு?"

"பால்காரன் வந்த நேரம். அஞ்சு பத்து."

அஞ்சு பத்து.

நான் நின்றிருந்த இடத்துக்கும் பண்ருட்டிக்கும் அறுபது கிலோமீட்டருக்கு மேல்.

"முன்ன பின்ன தெரியாத பொம்பளைய எப்படி உள்ள உட்ட?" என்று கத்தினேன்.

"பத்திரிகை வெச்சிருந்தாங்கண்ணா. நம்ம கைக்கே இன்னும் வரல, அவுங்க கையில இருக்குது. அப்புறம் எப்படிச் சந்தேகப்படுறது?"

"ஆடி மாசத்துல எவளாவது பூ வெக்க வருவாளா?"

"நானும் அதான் கேட்டேன். எங்களுக்கு ஆடியும் இல்ல ஆவணியும் இல்லம்மான்னு சிரிச்சாங்க. என்னமோ ஊதா கலருல பூ. வாங்கின கையில ஒரே உப்பு. ஸ்ரீமதிய ஒக்கார வெச்சு அவுங்களே தலையில வெச்சாங்க. கொலசாமி காலடியில வெச்சுத் தரேன்னு ஜாதகத்த வாங்கிட்டுப் போயிருக்காங்க."

"ஸ்ரீமதிகிட்ட குடு."

போன் கை மாறியது.

"மாமா…"

"பாப்பா, அந்தப் பூவை எடு. மொதல்ல தலையில இருந்து எடு."

"எதுக்கு மாமா?" என்றாள். தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி இருந்தது. "அவரையும் நீங்க உள்ள வரச் சொல்லியிருக்கலாம். பாவம், கேட்டுக்கு வெளியவே நின்னாரு."

"யாரு?"

"மாப்பிள்ளைதான். சட்டையெல்லாம் ஈரம். கடைசி வரைக்கும் திரும்பவே இல்ல மாமா. முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது."

என் பக்கத்தில் படகுத்துறைத் திட்டில் சித்தார்த் உட்கார்ந்திருந்தான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு.

பண்ருட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 10:05. அடப்பம்பூ வெயில் ஏறினால் வாடிவிடும். ஸ்ரீமதி தலையில் இருந்தது வாடவில்லை. நானே எடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் தினமும் விடியற்காலையில் எழுந்துவிடுகிறாள். எழுந்து தலை வாரி, வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். எழுந்திருக்கும் நேரத்தைச் சௌந்தரம் குறித்து வைத்திருக்கிறாள். நீங்களே ஊகித்திருப்பீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. சித்தார்த் வீட்டில் கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்கிறார்கள். அந்தப் பையனை நான் குறை சொல்லமாட்டேன். அவன் தங்கமான பையன். அவளிடமே கேட்டேன், "உனக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதந்தான பாப்பா?" என்று.

"அதான் பூ வெச்சுட்டாங்களே மாமா" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆரோக்கியராஜ் போன் செய்தார். நாங்கள் தங்கின குடிசைக்குக் கீற்று மாற்றும்போது கூரை இடுக்கில் இரண்டு ஜாதகம் கிடைத்ததாம், மஞ்சள் நூலால் சேர்த்துக் கட்டியிருந்ததாம். போய் வாங்கினேன். ஒன்று ஸ்ரீமதியுடையது. இன்னொன்று ஒரு பையனுடையது. பெயர் இளவரசு. கிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஊர் விலாசம் இருந்தது.

அங்கேயும் போனேன். வீடு பூட்டியிருந்தது. பூட்டுத் துருப்பிடித்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வாசலுக்கு வந்தாள்.

"அம்மாவும் புள்ளையும் ஒரே வாரத்துல போயிட்டாங்க. நாலு வருஷம் ஆவுது."

"எப்படிங்க?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க யாரு?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பையனின் ஜாதகத்தைப் பிரித்தேன். பிறந்த நேரம் மாலை 4:25. பின்பக்கம் திருப்பியபோது மூலையில் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. 'பெண்: ஸ்ரீமதி, பண்ருட்டி. பொருத்தம் இல்லை. திருப்பி அனுப்பவும்.' கீழே நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி.

என் கையெழுத்து. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஸ்ரீமதிக்கு வரன் தேட ஆரம்பித்த வருடம் அது. எத்தனையோ ஜாதகம் வந்தது. எத்தனையோ பேரை வேண்டாம் என்றேன். இந்தப் பையனை எதற்காக வேண்டாம் என்றேன் என்று ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். எனக்கு ஞாபகமே வரவில்லை.